கலவேரஸ் கவுண்டியில் இரண்டு இரவு: குகை, பெருமரம், ஒயின், தங்குமிடம் – முழுமையான வழிகாட்டி

கலிஃபோர்னியாவில் சியரா நெவாடா மலையடிவாரத்தில் இருக்கிறது கலவேரஸ் கவுண்டி (கவுண்டி என்பது நம் மாவட்டம் மாதிரி). 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 45,292. நகராட்சி அந்தஸ்து உள்ள ஊர் ஏஞ்சல்ஸ் கேம்ப் ஒன்றுதான். தலைமையிடமான சான் ஆண்ட்ரியாஸ்கூட சிற்றூர்தான். இந்தச் சின்ன இடத்துக்குள் சுற்றுலாக் குகைகள், ஆயிரம் வயது தாண்டிய செக்வோயா மரங்கள், 19ஆம் நூற்றாண்டுத் தங்க வேட்டைக் காலத்துத் தெருக்கள், சியரா அடிவாரத்துக்கே உரிய ஒயின்கள் எல்லாம் அடங்கிவிடுகின்றன. பேர்பெற்ற ஒயின் பகுதியான நாப்பாவின் கூட்டமும் விலையும் இங்கே கிடையாது.

இந்தக் கவுண்டியில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது உயரம். 4ஆம் எண் நெடுஞ்சாலை கவுண்டியின் முதுகெலும்பு மாதிரி மேற்கிலிருந்து கிழக்கே ஏறுகிறது. காப்பரோபோலிஸ் சுமார் 1,000 அடி, ஏஞ்சல்ஸ் கேம்ப் சுமார் 1,400, மர்ஃபீஸ் சுமார் 2,200, ஆர்னால்டு சுமார் 4,000, பெருமரப் பூங்கா (கலவேரஸ் பிக் ட்ரீஸ் மாநிலப் பூங்கா) சுமார் 4,700 அடி. அதற்கும் மேலே, கவுண்டி எல்லையைத் தாண்டி, எபட்ஸ் கணவாய் 8,700 அடிக்கு மேல் நிற்கிறது. எங்கே மழை, எங்கே பனி, எந்த மரம், எந்தத் திராட்சை, இரவு கம்பளி வேண்டுமா மின்விசிறி வேண்டுமா என்பதெல்லாம் இந்தப் படிக்கட்டில் நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. எனவே காலையில் மேலே போங்கள், மதியத்துக்குமேல் மர்ஃபீஸுக்கு இறங்குங்கள், ஒயினை நடந்து போய்ச் சுவையுங்கள், நடந்தே அறைக்குத் திரும்புங்கள். கீழே உள்ள திட்டம் முழுக்க இந்த ஒரே ஒழுங்கில் அமைந்தது.

முதல் படி: மாதத்தைத் தேர்ந்தெடுப்பது

ஏப்ரல் கடைசி முதல் ஜூன் நடு வரை மிகச் சிறந்த காலம். அடிவாரப் புல்வெளி பச்சையாக இருக்கும், காட்டுப் பூக்கள் இருக்கும், பூங்காவின் உட்சாலைகளும் பெரும்பாலும் திறந்திருக்கும். இதில் கவனிக்க வேண்டியது மே மாத மூன்றாவது வார இறுதி. அன்றுதான் ஏஞ்சல்ஸ் கேம்பில் கவுண்டி சந்தையும் தவளை தாண்டும் போட்டியும். 1865இல் மார்க் ட்வைன் எழுதிய தவளைக் கதையால் இந்த ஊர் பேர் பெற்றது, 1928இல் போட்டியாகவே தொடங்கிவிட்டார்கள். 1986இல் ரோசி என்ற தவளை மூன்று தாவலில் 21 அடி 5¾ அங்குலம் கடந்தது. குழந்தைகளோடு போகிறவர்கள் இந்த நாளுக்காகவே போகலாம். மற்றவர்கள் அந்த வாரத்தைத் தவிர்ப்பது நல்லது, ஏனென்றால் சுற்றுவட்டாரத்தில் அறை கிடைப்பது கஷ்டம்.

ஜூலை முதல் செப்டம்பர் வரை மர்ஃபீஸில் பகல் வெப்பம் அடிக்கடி 95 ஃபாரன்ஹீட்டைத் (35 செல்சியஸ்) தாண்டும். பெருமரப் பூங்கா அதைவிடப் பத்து டிகிரி ஃபாரன்ஹீட் வரை குளிர்ந்திருக்கும், குகைகள் வருடம் முழுக்க ஒரே குளிர். ஆகவே கோடையிலும் போகலாம், ஆனால் வெட்டவெளி நடையைக் காலை பத்து மணிக்குள் முடித்துவிட வேண்டும். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை காட்டுத்தீப் புகை வர வாய்ப்பு அதிகம். கிளம்பும் நாளன்று ஏர்நவ் தளத்தில் காற்றின் தரத்தைப் பாருங்கள்.

செப்டம்பர், அக்டோபர் திராட்சை அறுவடைக் காலம். நொதிக்கும் சாற்றின் வாசனை ஒயின் ஆலைகளைச் சுற்றி வீசும். அக்டோபர் தொடக்கத்தில் மர்ஃபீஸில் திராட்சை மிதிக்கும் விழா நடக்கும், அந்தச் சனிக்கிழமைக்கு அறை பல மாதம் முன்பே தீர்ந்துவிடும்.

குளிர்காலத்தில் மர்ஃபீஸில் மழை பெய்யும்போது 15 மைல் மேலே பூங்காவில் பனி கொட்டும். பனியில் நிற்கும் செக்வோயாவைப் பார்ப்பது தனி அனுபவம்தான், ஆனால் அதற்கு கார் டயரில் மாட்டும் பனிச் சங்கிலி தயாராக இருக்க வேண்டும். அதைக் கீழே சொல்லியிருக்கிறோம்.

இரண்டாம் படி: தங்குமிடம்

பலர் தவறு செய்வது இங்கேதான். ஆர்னால்டில் மரத்தாலான வீட்டு வாடகை நன்றாக இருக்கிறதே என்று அங்கே எடுத்துவிட்டு, மாலை மர்ஃபீஸில் ஒயின் சுவைத்து, இருட்டில் 12 மைல் வளைந்து வளைந்து கிட்டத்தட்ட 2,000 அடி ஏற வேண்டிய நிலைக்கு வந்துவிடுகிறார்கள். ஊபர், லிஃப்ட் வண்டிகளை இங்கே நம்ப முடியாது, இரவில் அநேகமாக வராது. ஆகவே யார் எதற்காக வருகிறார்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

ஒயின் முக்கியம் என்றால் மர்ஃபீஸ் மெயின் ஸ்ட்ரீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் அறை எடுங்கள். 1856இல் கட்டிய மர்ஃபீஸ் ஹோட்டல் தெருவின் நடுவிலேயே இருக்கிறது. அமெரிக்க அதிபராக இருந்த யுலிசீஸ் கிராண்ட், எழுத்தாளர் மார்க் ட்வைன் போன்றவர்கள் தங்கியதாகப் பதிவேட்டில் பெயர் உள்ள கட்டடம். பழைய பகுதி அறைகளில் குளியலறை பொது, கீழே மது அருந்தும் கூடம். வார இறுதியில் சத்தம் மேலே வரும். வரலாற்றுக்காகத் தங்குகிறவர்களுக்கு அது குறையே இல்லை, சீக்கிரம் தூங்குகிறவர்களுக்குப் பெரிய குறை. பதிவு செய்யும்போதே தனிக் குளியலறை உள்ள அறையா என்று கேட்டுவிடுங்கள். அதே ஊரில் விக்டோரியா இன், டன்பார் ஹவுஸ் போன்ற சிறிய விடுதிகளும் உண்டு. அறைகள் எண்ணிக்கையில் குறைவு, அதனால் வார இறுதி என்றால் இரண்டு மூன்று மாதம் முன்பே பதிவு செய்வது உத்தமம். சனிக்கிழமை வரும்போது குறைந்தது இரண்டு இரவு எடுக்க வேண்டும் என்ற நிபந்தனை பல இடங்களில் இருக்கும்.

இரண்டு மூன்று குடும்பமாக வந்தால் ஆர்னால்டில் வாடகை வீடு எடுப்பது சரி. சமையலறை இருக்கும், பூங்கா அருகே. ஆனால் சுத்தம் செய்யும் கட்டணம் ஒரு இரவுக்கும் மூன்று இரவுக்கும் ஒன்றேதான் என்பதால், ஒரே இரவுக்கு எடுத்தால் கட்டுபடியாகாது. குளிர்காலத்தில் வீட்டுக்கு முன்னுள்ள ஏற்றச் சாலையில் பனியை யார் அள்ளுவார்கள், நான்கு சக்கர இயக்கம் இல்லாத கார் ஏறுமா என்று உரிமையாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நெடுஞ்சாலை சுத்தமாக இருக்கும், கடைசி 200 அடியில் கார் சறுக்கும். இது அடிக்கடி நடக்கிறது.

கூடாரம் போடுகிறவர்களுக்குப் பெருமரப் பூங்காவுக்குள்ளேயே நார்த் குரோவ், ஓக் ஹாலோ என்று இரண்டு முகாம்கள் உள்ளன. ரிசர்வ் கலிஃபோர்னியா தளத்தில் ஆறு மாதம் முன்பு காலை எட்டு மணிக்குத் திறக்கும். கோடை வார இறுதி என்றால் அந்த நிமிடமே உட்கார வேண்டும். கரடி நடமாட்டம் உள்ள காடு. சாப்பாடு மட்டுமல்ல, பற்பசை, சோப்பு, குழந்தையின் பிஸ்கட் பாக்கெட் எல்லாமே இரும்புப் பெட்டிக்குள் போக வேண்டும், காருக்குள் வைக்கக்கூடாது.

மூன்றாம் படி: கார், சாலை, சாப்பாடு

சான் பிரான்சிஸ்கோவிலிருந்து மர்ஃபீஸ் இரண்டரை முதல் மூன்று மணி நேரம். சாக்ரமெண்டோவிலிருந்து ஒன்றேமுக்கால் மணி. பே ஏரியாக்காரர்கள் (சான் பிரான்சிஸ்கோ சுற்றுவட்டாரத்தினர்) 580, 205 எண் நெடுஞ்சாலைகள் வழியாக ஸ்டாக்டன் பக்கம் வந்து, ஃபார்மிங்டன், காப்பரோபோலிஸ் வழியாக 4ஆம் எண் சாலையில் ஏறுவார்கள். வெள்ளி மாலை மூன்று முதல் ஏழு வரை 580இல் ஆல்டமாண்ட் மலைப் பகுதி நகரவே நகராது. மதியம் ஒரு மணிக்குள் கிளம்புங்கள், அல்லது சனி காலை ஆறு மணிக்கு.

பெட்ரோலை ஸ்டாக்டன் பக்கத்துப் பள்ளத்தாக்கிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள், மேலே போகப் போக விலை கூடும். மின்காரில் வந்தால் ஏற்றத்தில் மின்கலம் சாதாரண கணக்கைவிட வேகமாக இறங்கும், ஆர்னால்டுக்கு மேலே சார்ஜ் இடத்தை நம்பாதீர்கள். மர்ஃபீஸ் தாண்டினால் கைபேசி அலைவரிசை விட்டுவிட்டுத்தான் வரும். வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சைவச் சாப்பாட்டுக்காரர்கள் டிரேசி, மவுண்டன் ஹவுஸ் பக்கம் உள்ள இந்திய மளிகைக் கடைகளில் வேண்டியதை வாங்கிக்கொள்வது நல்லது. கவுண்டிக்குள் பெரிய அங்காடி ஏஞ்சல்ஸ் கேம்பில். மர்ஃபீஸ் உணவகங்களில் சாலட், பீட்சா, பாஸ்தா கிடைக்கும், ஆனால் திங்கள் முதல் புதன் வரை பல கடைகள் மூடியிருக்கும். புளிச்சாதமும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு போய்ப் பூங்காவில் பெருமர நிழலில் சாப்பிடுவதைவிட நல்ல மதியச் சாப்பாடு இந்தக் கவுண்டியில் இல்லை.

பனிக்காலச் சங்கிலி: மாநிலப் போக்குவரத்துத் துறையான கால்டிரான்ஸின் குவிக்மேப் செயலியில் சாலை நிலை தெரியும். ஆர்-1 என்றால் சங்கிலி வேண்டும், ஆனால் பனி டயர் போட்ட சாதாரண கார்களுக்கு விலக்கு. ஆர்-2 என்றால் நான்கு சக்கர இயக்கத்தோடு நான்கிலும் பனி டயர் உள்ள வண்டிக்கு மட்டும் விலக்கு. ஆர்-3 என்றால் யாருக்கும் விலக்கு இல்லை. விலக்கு உள்ளவர்களும் சங்கிலியை வண்டியில் வைத்திருக்க வேண்டும். சங்கிலி வாங்கும்போது டயரின் பக்கவாட்டில் உள்ள 225/65ஆர்17 போன்ற எண்ணைப் படம் எடுத்துப் போங்கள், அளவு மாறினால் பூட்டாது. வீட்டு வாசலில் ஒரு தடவை மாட்டிப் பழகுங்கள். இருட்டிலும் குளிரிலும் முதல் முறையாக மாட்டுவது கொடுமை. வாடகைக் கார் என்றால் ஒப்பந்தத்தைப் படியுங்கள், பல நிறுவனங்கள் சங்கிலி மாட்ட அனுமதிப்பதில்லை.

நான்காம் படி: முதல் நாள், ஒரு குகை

இந்தப் பகுதியின் அடியில் சுண்ணாம்புக்கல்லும், அது உருமாறிய பளிங்கும் பட்டையாக ஓடுகின்றன. மழைநீர் அதைக் கரைத்ததால் குகைகள் உண்டாயின. அதே பாறையின் பிளவுகளில்தான் ஆற்றுத் தங்கம் சிக்கிக்கிடந்தது. அதே பாறை மேலே மண்ணாகும்போது அதில் திராட்சை வளர்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் குகையும் தங்கமும் ஒயினும் ஒரே கதையாகத் தெரியும்.

மெர்சர், மோனிங் என்ற இரண்டு குகைகளில் ஒன்றே போதும். இரண்டையும் ஒரே நாளில் செய்தால் முழங்கால் மறுநாள் காட்டில் நடக்க விடாது.

மர்ஃபீஸிலிருந்து ஒரு மைல் வடக்கே, ஷீப் ராஞ்ச் சாலையில் மெர்சர் குகை. 1885 செப்டம்பர் 1 அன்று வால்டர் மெர்சர் கண்டுபிடித்தது. சுமார் 45 நிமிடச் சுற்று, ஏறி இறங்க மொத்தம் 440 படிகள். உள்ளே 55 ஃபாரன்ஹீட் (13 செல்சியஸ்). இதன் சிறப்பு பூப்போல விரியும் அரகோனைட் என்ற கனிமத்தின் வெள்ளைப் படிகங்கள். 1900 பாரிஸ் கண்காட்சியில் இவற்றுக்குப் பெரும்பரிசு கிடைத்தது. நுணுக்கமான வேலைப்பாட்டை ரசிக்கிறவர்களுக்கு இதுவே சிறந்தது.

வல்லசீட்டோ அருகே உள்ள மோனிங் குகை வேறு மாதிரி. ஒரே பெரிய அறை, சுதந்திர தேவி சிலையே உள்ளே நிற்கலாம் என்பார்கள். 1922இல் அமைத்த சுழல் இரும்புப் படிக்கட்டு வழியாக இறங்க வேண்டும். உயரம் கண்டால் தலைசுற்றுகிறவர்கள் இதைத் தவிர்த்துவிட்டு மெர்சருக்குப் போங்கள். பதின்வயதுப் பிள்ளைகளுக்கு இதுதான் பிடிக்கும், கம்பியில் சறுக்கும் விளையாட்டும் இங்கே உண்டு.

இரண்டு இடத்துக்கும் பிடிமானம் உள்ள ஷூ போடுங்கள், செருப்பு வேண்டாம். படிகள் ஈரமாக இருக்கும். குழந்தையை முதுகுப் பையில் தூக்கினால் தாழ்வான கூரையில் அதன் தலை இடிக்கும். திரும்பும் ஏற்றம்தான் கஷ்டம், மூட்டு வலியோ இதயக் கோளாறோ உள்ளவர்கள் மேலேயே இருந்துவிடுவது நல்லது. கடைசிச் சுற்று நேரம் பருவத்துக்கேற்ப மாறும், முந்தின நாள் தளத்தில் பாருங்கள்.

ஐந்தாம் படி: இரண்டாம் நாள் காலை, பெருமரங்கள்

மர்ஃபீஸிலிருந்து காலை எட்டரைக்குள் கிளம்பினால் ஒன்பது மணிக்குப் பூங்கா. கோடை வார இறுதியிலும் பனி வார இறுதியிலும் நார்த் குரோவ் வாகன நிறுத்தம் முற்பகலிலேயே நிறைந்துவிடும்.

முதலில் நார்த் குரோவ் சுற்றுப்பாதை, சுமார் ஒன்றரை மைல், பெரும்பகுதி சமதளம், வயதானவர்களும் நடக்கலாம். பாதை தொடங்கியதுமே ஒரு பிரம்மாண்டமான அடிமரம் வரும். 1852இல் காயம்பட்ட கரடியைத் துரத்தி வந்த வேட்டைக்காரர் அகஸ்டஸ் டவுட் கண்ட மரம் இது. மறு வருடமே அதை வெட்டினார்கள். அவ்வளவு பெரிய ரம்பம் கிடையாது என்பதால் துளைக்கருவியால் சுற்றிலும் துளையிட்டு, 22 நாள் எடுத்து வீழ்த்தினார்கள். 1,244 வயது மரம். அடிமரத்தின் மேல் நடன மேடை போட்டார்கள். இன்னும் சற்றுத் தூரத்தில் கருகி நிற்கும் 'காட்டின் தாய்'. 1854இல் அதன் பட்டையை 116 அடி உயரம்வரை உரித்து, ஊர் ஊராகக் கண்காட்சி வைக்கக் கொண்டுபோனார்கள். லண்டன் கிரிஸ்டல் பேலஸில் இருந்த அந்தப் பட்டை 1866இல் தீயில் போனது, பட்டையிழந்த மரமும் செத்தது. ரம்பம் பட்ட தடம் இன்றும் தெரியும், நின்று பாருங்கள். இந்த இரண்டு மரங்களுக்கு நேர்ந்ததைக் கண்டு எழுந்த கோபம்தான் பெருமரங்களைக் காக்க வேண்டும் என்ற எண்ணத்துக்கு ஆரம்பம். ஆனாலும் இந்தத் தோப்பு மாநிலப் பூங்காவாக 1931 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பழைய படங்களில் நடுவே குடைந்த மரத்தைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் ஏமாறாமல் இருக்க ஒன்று: அந்த பயனியர் கேபின் மரம் 2017 ஜனவரி 8 புயலில் விழுந்துவிட்டது. விழுந்த துண்டுகள் மட்டும் கிடக்கின்றன. செக்வோயாவின் வேர் ஆழமாகப் போகாமல் பரந்து ஓடும். வேரின் மேல் மிதித்தால் மண் இறுகி மரத்துக்குத் தண்ணீர் போகாது. வேலிக்குள் கால் வைக்காதீர்கள்.

கால்களில் பலம் உள்ளவர்களுக்கு சவுத் குரோவ். பூங்காவின் உட்சாலையில் சுமார் 9 மைல் ஓட்டி, பிறகு 5 மைல் நடை. கூட்டம் இல்லை, வெட்டுப்படாத காடு, முடிவில் பூங்காவிலேயே பெரிய மரமான அகாசிஸ். நார்த் குரோவில் சுமார் நூறு பெருமரங்கள் என்றால் இங்கே ஆயிரம். மூன்று மணி நேரமும் ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீரும் ஒதுக்குங்கள். குளிர்காலத்தில் அந்தச் சாலையை மூடிவிடுவார்கள். நேரம் இருந்தால் இதை விடாதீர்கள். நார்த் குரோவ் மரத்தைக் காட்டும், சவுத் குரோவ் காட்டைக் காட்டும்.

ஆறாம் படி: மதியத்துக்குமேல், ஒயின்

மர்ஃபீஸ் மெயின் ஸ்ட்ரீட்டில் இரண்டு டஜனுக்கும் மேல் டேஸ்டிங் ரூம்கள் (ஒயின் சுவைக்கும் கூடங்கள்) அடுத்தடுத்து இருக்கின்றன. சியரா ஃபுட்ஹில்ஸ் என்ற ஒயின் வட்டாரத்துக்கு 1987இல் அங்கீகாரம் கிடைத்தது. பகல் சுட்டெரிக்கும், இரவில் மலைக்காற்று இறங்கும். பகல் வெயிலில் சர்க்கரை ஏறும், இரவுக் குளிரில் புளிப்பு தங்கும். சின்ஃபாண்டெல், பர்பேரா, டெம்ப்ரனீயோ, சிரா ஆகியவை சிவப்பில் கேட்க வேண்டியவை. வெள்ளையில் வெர்தெல்யோ, வியோன்யே. நாப்பாவில் எளிதில் கிடைக்காத ஸ்பானிய வகைகளும் பிரான்ஸின் ரோன் பகுதி வகைகளும் இங்கே சகஜம். எங்கும் கிடைக்கும் காபர்னே சிவப்பு ஒயினை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் வந்த பயன் போய்விடும்.

வழக்கமாக ஐந்து வகை, ஒவ்வொன்றும் 30 மில்லி அளவு ஊற்றுவார்கள். கட்டணம் உண்டு, பாட்டில் வாங்கினால் பல இடங்களில் கழித்துவிடுவார்கள். முதலிலேயே கேளுங்கள். ஒருவர் கட்டணத்தை இருவர் பகிர்ந்துகொள்வதும் சாதாரணம்.

கணக்கு இது: ஐந்து தடவை 30 மில்லி என்றால் 150 மில்லி. இங்கத்திய சின்ஃபாண்டெல் 15 சதவீதம் ஆல்கஹாலைத் தொடும். அமெரிக்காவில் 'ஒரு மது' என்று கணக்கிடும் நிலையான அளவில் அது ஒன்றேகாலுக்குச் சமம். மூன்று கடை ஏறினால் கிட்டத்தட்ட நாலு. ஓட்டுநரின் ரத்தத்தில் ஆல்கஹாலுக்கான சட்ட வரம்பு 0.08 சதவீதம், அதை எட்டுவது பலர் நினைப்பதைவிட எளிது. மூன்று கடையோடு நிறுத்துங்கள், இடையில் ரொட்டி, சீஸ், தண்ணீர். நான்காவதில் நாக்குக்கு எதுவும் தெரியாது. துப்பும் கிண்ணம் மேசையில் இருக்கும், துப்புவதை யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள், நிபுணர்களே அப்படித்தான் செய்கிறார்கள். 21 வயதுக்குக் கீழ் மது கிடையாது, அடையாள அட்டை கேட்பார்கள்.

ஊருக்கு வெளியே சிக்ஸ் மைல் சாலையில் அயர்ன்ஸ்டோன் பெரிய ஆலை. தோட்டம், கோடை இசை நிகழ்ச்சிகள், அருங்காட்சியகம் எல்லாம் உண்டு. அங்கே 44 பவுண்டு எடையுள்ள படிகத் தங்கத் துண்டு இருக்கிறது. ஒயின் குடிக்காதவர்களும் குழந்தைகளும் இதைப் பார்க்கவே போகலாம். இங்கே போக கார் வேண்டும் என்பதால், முதலில் இதை முடித்துவிட்டு, காரை விடுதியில் நிறுத்திய பிறகு தெருவுக்கு வாருங்கள். இசை நிகழ்ச்சி உள்ள நாளில் மாலை நாலுக்குமேல் அந்தச் சாலை நெரிசலாகும்.

வாங்கிய பாட்டிலைக் கோடையில் காரில் விடாதீர்கள். உள்ளே வெப்பம் ஏறி ஒயின் விரிந்து தக்கையைத் தள்ளும், சுவை வெந்த பழம்போல ஆகிவிடும். சின்ன ஐஸ் பெட்டி கொண்டு வாருங்கள். திறந்த பாட்டில் டிக்கியில்தான் இருக்க வேண்டும், இருக்கை அருகே இருந்தாலே சட்டப்படி குற்றம்.

ஏழாம் படி: மூன்றாம் நாள், வேறு வழியாகத் திரும்புவது

இரண்டு வழி உண்டு. தெற்கே பாரட்ஸ் ஃபெர்ரி சாலையில் போனால் நேச்சுரல் பிரிட்ஜஸ் நடைபாதை, ஓடை பாறையைக் குடைந்து சென்ற இயற்கைப் பாலம். இறங்குவது முக்கால் மைல், திரும்புவது செங்குத்து ஏற்றம். ஓரத்தில் மூன்று மூன்று இலையாக உள்ள பாய்சன் ஓக் செடியைத் தொடாதீர்கள், அரிப்பு ஒரு வாரம் விடாது. அதே சாலையில் மேலும் போனால் பக்கத்துக் கவுண்டியில் கொலம்பியா, தங்க வேட்டைக் காலத்துத் தெரு அப்படியே மாநிலப் பூங்காவாக இருக்கிறது.

வடக்கே 49ஆம் எண் சாலையில் போனால் சான் ஆண்ட்ரியாஸ். குதிரைக் கோச்சு வண்டிகளை மறித்துக் கொள்ளையடித்த பிளாக் பார்ட் 1883இல் பிடிபட்டு அடைபட்டிருந்த சிறை அங்கே அருங்காட்சியகத்தோடு சேர்ந்து இருக்கிறது. காப்பரோபோலிஸ் அருகே கடைசிக் கொள்ளையில் அவர் விட்டுப்போன கைக்குட்டையின் சலவைக் குறியை வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள். ஒரு மணி நேரம் போதும்.

பயணத் திட்டம் கெட்டுப்போகக்கூடிய இடங்கள் இன்னும் இரண்டு. காற்று பலமாக வீசும் இலையுதிர் காலத்தில் தீ அபாயம் கருதி மின்சாரத்தை முன்னெச்சரிக்கையாக நிறுத்துவார்கள். மின்சாரம் போனால் கிணற்று மோட்டார் ஓடாது, வீட்டில் தண்ணீர் வராது, கடைகளில் அட்டை இயந்திரம் வேலை செய்யாது. நூறு டாலர் ரொக்கமும் ஒரு டார்ச்சும் கையில் இருக்கட்டும். இன்னொன்று, எபட்ஸ் கணவாய் வழியாக நெவாடா பக்கம் போய்விடலாம் என்ற திட்டம். பெரும்பாலும் நவம்பர் முதல் மே வரை, சில வருடம் ஜூன் வரைகூட, அது மூடியிருக்கும். திறந்திருக்கும் காலத்திலும் நடுக்கோடு இல்லாத ஒற்றைத் தடம், பெரிய வண்டிக்கு ஏற்றதல்ல.

ஞாயிறு மாலை 205, 580 மேற்கு நோக்கி அடைத்துக்கொள்ளும். மதியம் ஒரு மணிக்குள் கிளம்ப முடியாதவர்கள் சான் ஆண்ட்ரியாஸிலிருந்து 12ஆம் எண் சாலையில் வேலி ஸ்பிரிங்ஸ், லோடை, ரியோ விஸ்டா வழியாகப் போகலாம். ரியோ விஸ்டா பாலம் படகு வந்தால் தூக்கும் பாலம், அதற்காக இருபது நிமிடம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.